புதிய சவாரிக்காரரும் புதிய குதிரையும் சேர்ந்தே போட்டிக்குப் போகலாமா?

வாசகர் கடிதம்:

ஐயா, எனக்கு வயது 36. குதிரைச் சவாரி கற்கத் தொடங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது. ஆறு மாதங்களுக்கு முன் 5 வயதுக் குதிரை ஒன்றைச் சொந்தமாக வாங்கினேன். அது சேணத்துக்குப் பழகி ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. லாயத்தில் சாதுவாகவே இருக்கிறது. சென்ற மாதம், குதிரையைக் குறிப்பிட்ட அசைவுகளில் நடத்திக் காட்டி மதிப்பெண் பெறும் டிரெஸ்ஸாஜ் போட்டி ஒன்றின் அறிமுகப் பிரிவில் கலந்துகொள்ளும்படி என் பயிற்சியாளர் சொன்னதால் போனேன். போட்டிக்கு முன் குதிரைகளை ஓட்டித் தயார்படுத்தும் வார்ம்-அப் திடலில் வேறொரு குதிரை பின்னாலிருந்து வேகமாகக் கடந்தபோது என் குதிரை மிரண்டு பக்கவாட்டில் பாய்ந்து, எதிரே வந்தவரின் வழியில் குறுக்கே போய் நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அந்தப் பெண்மணி எல்லோரும் கேட்கும்படி, "ஓட்டவும் தெரியாமல், பழக்காத குதிரையையும் இழுத்துக்கொண்டு இங்கே ஏன் வருகிறீர்கள்?" என்று கடிந்துகொண்டார். நான் இறங்கிவிட்டேன், போட்டியிலிருந்தும் விலகிவிட்டேன். "போட்டிக்குப் போகாமல் போட்டியை எப்படிப் பழகுவது? அடுத்த மாதமும் போகத்தான் வேண்டும்" என்கிறார் பயிற்சியாளர். என்னைப் போன்ற புதியவர்களுக்கும் என் குதிரையைப் போன்ற இளங்குதிரைகளுக்கும் போட்டியில் இடம் உண்டா, இல்லையா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிரெஸ்ஸாஜ் போட்டியில் உங்களுக்கு இடம் உண்டு. உங்கள் குதிரைக்கும் இடம் உண்டு. ஆனால் அதன் முதுகில் நீங்கள் ஏறி, இருவருமாக இப்போதைக்குப் போகக் கூடாது. உங்களைக் கடிந்துகொண்ட பெண்மணி பேசிய விதம் தவறு; அவருக்கு வந்த பயம் தவறில்லை. உங்கள் பயிற்சியாளர் சொல்வதும் பாதி உண்மைதான். அந்தப் பாதி உங்களுக்குத் தனியாகவும் குதிரைக்குத் தனியாகவும் பொருந்தும், இருவரையும் சேர்த்துப் பார்த்தால் பொருந்தாது.

யாருக்கு இடம் உண்டு என்ற கேள்வி இந்த விளையாட்டுக்குப் புதிதல்ல. 1912-இல் ஸ்டாக்ஹோமில் ஒலிம்பிக்கில் சேர்ந்த டிரெஸ்ஸாஜில், அதன்பின் வெகுகாலம் ராணுவ அதிகாரிகள் மட்டுமே சவாரி செய்ய முடிந்தது. 1948-இல் லண்டனில் தங்கம் வென்ற ஸ்வீடன் அணியிடமிருந்து மறு ஆண்டு அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. அணியில் ஒருவர் உண்மையில் அதிகாரி அல்லர், அதற்குக் கீழ்ப் பதவியில் இருந்தவர் என்பதே காரணம். அவருடைய சவாரியில் யாரும் குறை சொல்லவில்லை. 1952-இல் ஹெல்சின்கியில்தான் பெண்களுக்கும் பொதுமக்களுக்கும் கதவு திறந்தது. போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்து, குதிரையில் ஏறி இறங்கவே பிறர் கை கொடுக்க வேண்டியிருந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் அந்த ஆண்டே வெள்ளி வென்றார். ஆகவே 'இது உங்களுக்கான இடமல்ல' என்று யாராவது ஆளைப் பார்த்துச் சொன்னால், அந்தச் சொல்லுக்கு இந்த விளையாட்டில் நல்ல வரலாறு கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். பார்க்க வேண்டியது ஆளை அல்ல. அன்றைக்கு அந்தத் திடலில், அந்தக் குதிரையின் மேல், அவரால் என்ன செய்ய முடியும் என்பதைத்தான்.

டிரெஸ்ஸாஜ் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கே பழக்குதல், பயிற்றுதல் என்றுதான் பொருள். ஒலிம்பிக் நேரத்தில் தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் கிராண்ட் பிரீ என்பது ஏணியின் உச்சிப்படி. அதில் இறங்கக் குதிரைக்கே குறைந்தது 8 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதி. அறிமுகப் பிரிவு அதே ஏணியின் தரையை ஒட்டிய படி. அதில் கேட்கப்படுவது நடை, டிராட் என்னும் மிதமான ஓட்டம், 20 மீட்டர் வட்டம், ஓர் ஒழுங்கான நிறுத்தம், ஒரு வணக்கம், அவ்வளவுதான். இந்தப் படியைப் போட்டு வைத்ததே புதியவர்கள் கால் வைப்பதற்காக. அங்கே புதியவர் வரக் கூடாது என்றால் வேறு யார் வருவது? சர்வதேச அளவில் ஓட்டுகிறவர்கள் அறிமுகப் பிரிவுக்கு வந்து பரிசை அள்ளிக்கொண்டு போனால்தான் எனக்குக் கோபம் வரும்.

நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து கீழ்ப் பிரிவுகளைப் பார்த்த அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். புதியவருக்கு மதிப்பெண் போடுவது நடுவருக்குச் சுமையான வேலை அல்ல; பார்க்கவே நிறைவாக இருக்கும் சவாரிகளில் சில அங்கேதான் கிடைக்கின்றன. ஐம்பதைத் தாண்டிய ஒருவர் 19 வயதுப் பெண்குதிரை ஒன்றில் வந்தார். டிராட்டில் அவர் எழுந்து உட்காரும் தாளம் மூன்று முறை தவறியது. பாதியில் வழி மறந்து இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வலப்பக்கம் திரும்பினார். நான் மணியடித்து, எங்கிருந்து மீண்டும் தொடங்க வேண்டும் என்று சொன்னேன். அந்தக் குதிரை காதை ஒருமுறை பின்னால் சாய்த்து, 'சரி, இப்போது எங்கே போக வேண்டும்?' என்று கேட்பதுபோல நின்றது, அவர் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார், இருவரும் கிளம்பினார்கள். கடைசி நிறுத்தத்தில் நாலு காலும் சதுரமாக நின்றன; அதற்கு 7 போட்டேன். மொத்தம் 60 சதவீதத்துக்குச் சற்றுக் கீழேதான் வந்தது. அந்தச் சவாரியில் குதிரைக்கும் துன்பமில்லை, அவருக்கும் ஆபத்தில்லை, பக்கத்துத் திடலில் இருந்தவர்களுக்கும் தொந்தரவில்லை. புதியவர் போட்டிக்கு வருவதென்றால் அப்படித்தான் வர வேண்டும். அதை அவருக்கு முடித்துக்கொடுத்தது அந்தக் கிழட்டுப் பெண்குதிரை.

இனி உங்கள் குதிரையின் பக்கத்துக்கு வருகிறேன். லாயத்தில் சாது என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் லாயத்தில் அதற்கு ஒவ்வொரு தூணும் தெரியும்; பக்கத்துக் கொட்டடியில் யார் கனைக்கிறார்கள் என்பதும் தெரியும். குதிரை கூட்டமாக வாழும் பிராணி. பிற விலங்குக்கு இரையாகிவிடாமல் ஓடித் தப்பிப்பதற்கென்றே அமைந்த உடம்பு அது. தலையின் இரு பக்கத்திலும் அமைந்த கண்களால் ஏறக்குறைய 350 பாகை சுற்றளவைப் பார்க்கிறது. நெற்றிக்கு நேர் முன்னே கொஞ்சமும், வாலுக்கு நேர் பின்னே கொஞ்சமும்தான் அதன் கண்ணுக்குப் படாத இடங்கள். உங்கள் குதிரையைக் கடந்த குதிரை எங்கிருந்து வந்தது? பின்னாலிருந்து. பார்வையில் இல்லாத ஒன்று திடீரென்று விலாவுக்குப் பக்கத்தில் குளம்புச் சத்தத்தோடு முளைத்தது. உங்கள் குதிரை தன் முன்னோர் எல்லாம் செய்ததைச் செய்தது. அதில் பிடிவாதமும் இல்லை, கெட்ட குணமும் இல்லை.

போட்டித் திடலுக்குள் போனால் வேறு வகைப் பயங்கள் காத்திருக்கும். அறிமுகப் பிரிவுகள் பெரும்பாலும் 20-க்கு 40 மீட்டர் திடலில் நடக்கும். ஒரு முனையில் 'ஏ' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் நுழைவாயில். எதிர்முனையில் 'சி' என்ற எழுத்துக்குப் பின்னால் நடுவரின் கூண்டு. திடலைச் சுற்றிலும் எழுத்துப் பலகைகள், சில இடங்களில் பூச்சட்டிகள், ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளை வேலி. நமக்கு இது அலங்காரம். வீட்டில் ஒருபோதும் பார்த்திராத இளங்குதிரைக்கோ, அந்தக் கூண்டுக்குள் இருவர் அசையாமல் உட்கார்ந்து தன்னையே பார்க்கிறார்கள், அவர்களில் ஒருவர் அவ்வப்போது காகிதத்தைச் சரசரவென்று புரட்டுகிறார். அனுபவமுள்ள குதிரைகளே 'சி' மூலையைக் கொஞ்சம் உள்வாங்கித் திரும்பப் பார்க்கும். இத்தோடு ஒலிபெருக்கி, காற்றில் படபடக்கும் துணி, கூட வந்த குதிரை தன்னை விட்டுவிட்டு வேறு திடலுக்குப் போவது. இந்தக் கடைசி விஷயம்தான் பல இளங்குதிரைகளை உடைத்துவிடுகிறது; கனைப்பதும், நிலைகொள்ளாமல் சுற்றுவதும் அதனால்தான்.

வயதையும் மறந்துவிடாதீர்கள். குதிரையின் கால் எலும்புகள் முதலில் முற்றுகின்றன. முதுகெலும்பின் வளர்ச்சி 5 வயதைத் தாண்டியும் தொடர்கிறது. அந்த முதுகில்தான் நாம் உட்காருகிறோம். சமநிலை வராத ஒருவர் ஒவ்வொரு டிராட் அடிக்கும் சேணத்தில் தொப்பென்று விழுந்தால், வளரும் முதுகுக்கு அது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதற்காக 5 வயதுக் குதிரையைப் போட்டிக்கே கொண்டு போகக் கூடாது என்று அர்த்தமில்லை. இளங்குதிரைகளுக்கென்றே உலகப் போட்டி நடக்கிறது. அதில் 5 வயதுப் பிரிவும் உண்டு. ஆனால் அங்கே சேணத்தில் உட்கார்ந்திருப்பவர்கள், வாழ்நாளெல்லாம் இளங்குதிரைகளை ஓட்டிப் பழகியவர்கள்.

இந்தக் குதிரையையும் உங்களையும் சேர்த்து வைத்தால் நடப்பது இதுதான். குதிரை ஒரு பூச்சட்டியைப் பார்த்து அரை நொடி தயங்குகிறது. பழகியவர் அந்த அரை நொடியைக் கவனிக்கக்கூட மாட்டார். கால் லேசாக அணைக்கும், இடுப்பு அதே தாளத்தில் போகும், கடிவாள வாரைப் பிடித்த கை குதிரையின் வாயோடு முன்னும் பின்னும் போய்வரும். குதிரை, 'மேலே இருப்பவருக்குப் பயமில்லை, அப்படியானால் எனக்கும் வேண்டாம்' என்று நகர்ந்துவிடும். புதியவருக்கோ உடம்பு முந்திக்கொள்ளும். மூச்சு நின்றுவிடும். முழங்கால் சேணத்தை இறுக்கும். கை வாரை இழுக்கும். உடம்பு முன்னால் குனியும். இந்த நாலும் குதிரையின் மொழியில் ஒரே செய்தி: ஆபத்து, ஓடு. குதிரை ஓட முயல்கிறது. அதைப் பார்த்து மேலே இருப்பவர் இன்னும் இறுக்குகிறார். யார் முதலில் பயந்தார் என்று பத்து நொடிக்குப் பின் யாராலும் சொல்ல முடியாது. சுமார் 500 கிலோ எடையுள்ள பிராணியோடு இந்த விளையாட்டு வேண்டாம்.

நான் இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வயதில், எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பில், 4 வயதுப் பெண்குதிரை ஒன்றை அதன் முதல் போட்டிக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். அப்போது எனக்கு மூன்றாண்டுச் சவாரி. மையக்கோட்டில் நுழைந்ததும் அவள் நடுவரின் கூண்டைப் பார்த்து நின்றாள். நான் குதிகாலால் அடித்தேன், சாட்டையைத் தொட்டேன். அவள் பின்வாங்கி, வெள்ளை வேலியைத் தாண்டி நாலு காலோடும் வெளியே போய்விட்டாள். நாலு காலும் திடலுக்கு வெளியே போனால் தகுதி நீக்கம், மணி அடித்தது. எனக்கு வந்த அவமானம் ஒரு வாரத்தில் போய்விட்டது. அவள் எந்தத் திடலிலும் 'சி' பக்கம் பயமில்லாமல் போக, என்னைவிடத் திறமையான ஒருவர் அவளோடு பத்து மாதம் செலவிட வேண்டியிருந்தது. குதிரைக்கு அது போட்டி என்று தெரியாது, மதிப்பெண் தெரியாது, அந்த இடத்தில் தனக்கு என்ன நேர்ந்தது என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கும். அதனால்தான் முதல் வெளியூர்ப் பயணத்தைப் பற்றி நான் இவ்வளவு கண்டிப்பாகப் பேசுகிறேன்.

வார்ம்-அப் திடலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு நடந்தது அங்கேதான். போட்டித் திடலுக்குள் நீங்கள் தனியாக இருப்பீர்கள். தவறு செய்தால் நட்டம் உங்களுக்கு மட்டும். வார்ம்-அப் திடலிலோ பத்துக் குதிரைகள் பத்துத் திசையில் போகும். அதில் ஒன்று டிராட்டைவிட வேகமான கேண்டர் ஓட்டத்தில் மூலைவிட்டமாக வரும், இன்னொன்று பக்கவாட்டு நடையில் குறுக்கே வரும், ஒருவர் நடுவில் நின்று பயிற்சியாளரோடு பேசிக்கொண்டிருப்பார். எதிரெதிரே வரும் இருவர் இடக்கைக்கு இடக்கை கடந்துபோக வேண்டும், நடையில் போகிறவர்கள் வெளிச்சுற்றை வேகமாகப் போகிறவர்களுக்கு விட்டு உள்ளே தள்ளிப் போக வேண்டும், முன்னே போகும் குதிரையின் வாலிலிருந்து குறைந்தது ஒரு குதிரை நீளம் விலகியிருக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே பொதுவாகக் கடைப்பிடிக்கும் மரியாதைகள். உதைக்கும் குதிரையின் வாலில் சிவப்பு நாடாவும் இளங்குதிரையின் வாலில் பச்சை நாடாவும் கட்டும் வழக்கம் பல இடங்களில் உண்டு. உங்கள் குதிரையின் வாலில் பச்சை நாடா இருந்ததா? உங்கள் பயிற்சியாளர் இந்த மரியாதைகளை உங்களுக்கு முன்கூட்டியே சொல்லித் தந்தாரா? இல்லையென்றால் தவறில் பெரும்பங்கு உங்களுடையது அல்ல. பின்னாலிருந்து குரல் கொடுக்காமல் நெருங்கிக் கடந்தவருக்கும் அதில் பங்கு உண்டு. அவரை யாரும் கடிந்துகொள்ளவில்லை என்பதையும் கவனிக்கிறேன்.

அதே சமயம் அந்தப் பெண்மணியின் இடத்தில் நின்றும் பாருங்கள். அவரும் பயந்திருப்பார். வார்ம்-அப் திடலில் யார் வேண்டுமானாலும் கீழே விழலாம். ஆண்டுக்கணக்காகப் பழகியவர்களும் விழுகிறார்கள். உயர்பிரிவுகளில் நெடுங்காலம் உயரத் தொப்பி அணிந்து ஓட்டிய மரபையே நிறுத்தி, 2021 முதல் எல்லோருக்கும் தலைக்கவசத்தைச் சர்வதேசக் கூட்டமைப்பு கட்டாயமாக்கியதற்குக் காரணம் புதியவர்கள் மட்டுமல்ல. ஆனால் தன் குதிரையை நிறுத்தவோ திருப்பவோ முடியாத ஒருவர், தன் கட்டுப்பாடு தவறியதால் மற்றவரை விழ வைக்கலாம். அதனால் புதியவருக்கு நான் வைக்கும் தகுதி மிக எளியது. மற்ற ஐந்தாறு குதிரைகள் ஓடிக்கொண்டிருக்கும்போது, நீங்கள் நினைத்த இடத்தில் குதிரையை நிறுத்த முடிய வேண்டும். நினைத்த பக்கம் திருப்ப முடிய வேண்டும். அது ஒரு முறை பாய்ந்தால் வாரில் தொங்காமல் சேணத்தில் இருக்க முடிய வேண்டும். இது ஒரு குதிரையின் மேல் உங்களால் முடியும், இன்னொன்றின் மேல் முடியாமல் போகலாம். வேலையைப் பாதி குதிரை பார்த்துக்கொள்ளும் இடத்தில் முடியும். இருவரும் சேர்ந்தே பயப்படும் இடத்தில் முடியாது.

இப்போது செய்ய வேண்டியது. அடுத்த மாதப் போட்டிக்கு நீங்கள் போங்கள். உங்கள் லாயத்தில் பன்னிரண்டு, பதினைந்து வயதுக்கு மேற்பட்ட, பல திடல்களைப் பார்த்த குதிரை ஒன்று இருக்கும். பெரும்பாலும் எல்லா லாயத்திலும் ஒன்று இருக்கிறது, யாரும் அதைப் பெருமையாகப் பேசுவதில்லை. அதைக் கேட்டு வாங்குங்கள். போட்டிக்கு முன் அதில் பத்துப் பன்னிரண்டு முறையாவது ஓட்டிப் பழகுங்கள். வீட்டில் உங்களால் சிரமமில்லாமல் செய்ய முடிவதைவிட ஒரு படி கீழான பிரிவில் பெயர் கொடுங்கள். வீட்டில் கேண்டர் வருகிறது என்றால் போட்டியில் டிராட் வரையுள்ள தேர்வு, அதாவது நடுவர் முன் செய்துகாட்டும் அசைவுகளின் வரிசை, போதும். கீழ்ப் பிரிவுகளில் தேர்வின் வரிசையை வெளியிலிருந்து ஒருவர் உரக்கப் படிக்கப் பல நாடுகளின் விதிகள் அனுமதிக்கின்றன. அதைப் பயன்படுத்திக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். ஆனாலும் வரிசையை மனப்பாடம் செய்துவிட்டே போங்கள், ஏனென்றால் காற்று பலமாக அடிக்கும் நாளில் படிப்பவரின் குரல் உங்களுக்குக் கேட்காது.

தேர்வுக்குத் தயாராகும்போது ஒரே ஒரு விஷயத்தை ஆழமாகப் பழகச் சொல்வேன்: 20 மீட்டர் வட்டம். 40 மீட்டர் நீளத் திடலில் 'ஏ' முனையில் போடும் வட்டம் நாலு புள்ளிகளைத் தொட வேண்டும். ஒன்று 'ஏ', இரண்டும் மூன்றும், இரு நீண்ட பக்கங்களிலும் மூலையிலிருந்து 10 மீட்டர் தள்ளியுள்ள இடங்கள், நாலாவது, திடலின் நட்டநடுவில் உள்ள 'எக்ஸ்'. இந்த நாலு இடத்திலும் தரையில் ஒரு கூம்பு வைத்துக்கொண்டு பழகுங்கள். புதியவர்கள் குதிரையின் பிடரியைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார்கள்; வட்டம் முட்டை வடிவமாகிவிடும். ஒரு புள்ளியைத் தொடும்போதே கண் அடுத்த புள்ளிக்குப் போய்விட்டால், தோள் திரும்பும், இடுப்பு திரும்பும், குதிரையும் பின்தொடரும். நடுவர் 'சி'-யிலிருந்து பார்ப்பது அந்தக் கோட்டைத்தான். குதிரை எவ்வளவு அழகு, எவ்வளவு விலை என்பதெல்லாம் அந்தக் கோட்டுக்குப் பின்னால்தான்.

மதிப்பெண்ணைப் பற்றியும் ஒரு சொல். ஒவ்வோர் அசைவுக்கும் பூஜ்யம் முதல் 10 வரை போடுவோம். 5 என்றால் ஒப்பேறியது, 6 என்றால் திருப்தி, 7 என்றால் ஓரளவு நன்று. எல்லா அசைவுக்கும் 6 வாங்கினால் மொத்தம் 60 சதவீதம். பள்ளிக்கூடக் கணக்கில் இது சுமாராகத் தோன்றும், எங்கள் கணக்கில் அது நல்ல தொடக்கம். வழி தவறினால் பல நாடுகளின் கீழ்ப் பிரிவு விதிப்படி முதல் முறை 2 மதிப்பெண் குறையும். மொத்தம் 160 மதிப்பெண் உள்ள தாளில் அது ஒன்றேகால் சதவீதம். அதற்காக உயிரை விட வேண்டியதில்லை. எண்ணைவிட, அதன் பக்கத்தில் நடுவர் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதியிருக்கும் இரண்டு மூன்று சொற்கள் முக்கியம். 'மூலையை ஆழமாக ஓட்டவும்', 'தாளம் சீரில்லை', 'கை அமைதியாக' என்று இருக்கும். போட்டி முடிந்ததும் அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பதற்கு எங்கள் விளையாட்டில் பஞ்சமில்லை. நடுவருக்குக் கண் சரியில்லை என்று தாளைக் கசக்கி எறிபவர்களை ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கிறேன். அடுத்த இரு மாத வகுப்புக்கான பாடத்திட்டமே அந்தத் தாளில்தான் இருக்கிறது.

உங்கள் குதிரை வேறு பாதையில் போகட்டும். முதலில் போட்டியில் பெயரே கொடுக்காமல், பழகிய குதிரை ஒன்றோடு துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வண்டியிலிருந்து இறங்கட்டும், வைக்கோலைத் தின்னட்டும், கையில் பிடித்த கயிற்றோடு அந்த இடத்தைச் சுற்றி நடக்கட்டும், ஒலிபெருக்கியைக் கேட்கட்டும், வீட்டுக்குத் திரும்பட்டும். அன்றைய நாள் அதற்குச் சலிப்பாக இருந்தால் அதுவே வெற்றி. குதிரையின் வயிறு இடைவிடாமல் அமிலம் சுரப்பது. வெறும் வயிற்றோடு பயணமும் பதற்றமும் சேர்ந்தால் புண் வரலாம், ஆகவே வைக்கோலை மறக்காதீர்கள். இப்படி இரண்டு மூன்று பயணங்களுக்குப் பிறகு, இளங்குதிரைகளைப் பழக்கிய அனுபவமுள்ள ஒருவர் அதை வார்ம்-அப் திடலில் மட்டும் ஓட்டட்டும். அதுவும் அமைதியாகப் போனால் அறிமுகப் பிரிவில் அவரே ஓட்டட்டும். பரிசுக் கணக்கில் சேராமல் நடுவரின் கருத்துக்காக மட்டும் ஓட்டும் வசதியைப் பல போட்டிகள் தருகின்றன. நீங்கள் வேலி ஓரத்தில் நின்று, குதிரை எங்கே காதை விறைக்கிறது, மேலே இருப்பவர் அப்போது என்ன செய்கிறார் என்று பாருங்கள். அங்கே கற்பது பத்து வகுப்புக்குச் சமம்.

நீங்களும் அதுவும் சேரும் நாள் எப்போது வரும் என்று கேட்பீர்கள். மாதக்கணக்குச் சொல்ல நான் தயாரில்லை. நீங்கள் பழைய குதிரையில் மூன்று நான்கு போட்டிகளை முடித்து, வார்ம்-அப் திடலில் மூச்சு விட மறக்காமல் இருக்கும்போதும், உங்கள் குதிரை வேறொருவர் கையில் மூன்று நான்கு திடல்களைப் பார்த்து, வாலை ஆட்டாமல் 'சி'-யைக் கடக்கும்போதும், இருவரும் சேரலாம். அதற்கு ஓர் ஆண்டு ஆகலாம், கூடவும் ஆகலாம். சொந்தக் குதிரையை வாங்கிவிட்டுப் பிறர் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது மனதுக்குக் கடினம்தான். அதை நான் மறுக்கவில்லை. வீட்டுத் திடலில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது, நீங்கள் அதை ஓட்டுவதை யாரும் தடுக்கப் போவதில்லை.

பயிற்சியாளரிடம் சண்டை போட வேண்டாம். "போட்டிக்குப் போகச் சம்மதம், இந்தக் குதிரையில் அல்ல" என்று மட்டும் சொல்லுங்கள். நல்ல பயிற்சியாளர் என்றால் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, எந்தக் குதிரை என்று கேட்பார். கேட்காமல், பயத்தை அடக்கி ஏறு என்று மறுபடி வற்புறுத்தினால், உங்கள் குதிரையை ஓட்டப் போகும் அனுபவசாலியை வேறு இடத்தில் தேடுவது நல்லது.

பெயர்ப் பதிவு முடியும் தேதிக்கு முன் குதிரையின் பெயரை மாற்றிக்கொள்ளப் பெரும்பாலான அமைப்பாளர்கள் அனுமதிப்பார்கள். ஏற்கெனவே படிவம் அனுப்பியிருந்தால் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.